கேட் அக்கா

போன மாதம் மும்பை சயானில் ஒரு கல்யாண வரவேற்பு. ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்திக்கு இலை போடும் வரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். "அக்கா, நீங்க கேட் அக்காதானே?" என்று பக்கத்தில் ஒரு குரல். முப்பது தாண்டிய பெண், இடுப்பில் குழந்தை, பின்னால் கணவர். எனக்கு ஆள் பிடிபடவில்லை. "எட்டாங்கிளாஸ்ல என் பேர எழுதுவீங்களே அக்கா, லேட்டுன்னு" என்றதும் அந்த முகம் மெல்ல மேலே வந்தது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, ஈரம் காயாத பாவாடை நுனி, என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த நோட்டையே பார்க்கும் கண்கள். அவள் கணவரிடம் திரும்பி, "இவங்கதான் எங்க ஸ்கூல் ஹெட் கேர்ள். இவங்க கேட்ல நின்னா எங்களுக்கெல்லாம் வயித்தக் கலக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். நிஜமான சிரிப்பு. குத்திக்காட்டும் எண்ணம் துளியும் இல்லை, சத்தியம் செய்து சொல்வேன். ஆனாலும் அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பேச்சுப்போட்டிக் கோப்பை, பத்தாம் வகுப்பு மதிப்பெண், ஆண்டுவிழாவில் மைக் பிடித்தது எதுவும் யாருக்கும் நினைவில்லை. இருபது வருஷம் கழித்து மிஞ்சியது கேட் அக்கா மட்டும்தான். என் மகள் இந்த ஜூனில் அவள் பள்ளியில் மாணவர் கவுன்சிலுக்குத் தேர்வாகி, மார்பில் பேட்ஜோடு அலைந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து இது நடந்ததால்தான் மனசு இப்படி அரிக்கிறதோ என்னவோ.

நோட்டு

எங்கள் பள்ளி தாராவிக்கும் சயானுக்கும் நடுவில். பெயர் வேண்டாம். இங்கிலீஷ் மீடியம், தமிழ் ஒரு பாடம், முக்கால்வாசிப் பிள்ளைகள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். பெரிய வகுப்புகளுக்குக் காலை ஷிஃப்ட். பன்னிரண்டரைக்கு மேல் அதே பெஞ்சுகளில் பிரைமரிப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். நான் பத்தாவது படித்தது 2005-06. அந்த வருஷம் என்றாலே மும்பைக்காரர்கள் ஜூலை 26 மழைக் கதையைத்தான் எதிர்பார்ப்பார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை, பள்ளியில் மாட்டிக்கொண்டது, டீச்சர்கள் ராத்திரி முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். என்னிடம் அது இல்லை. மழை வலுக்கும் முன்பே வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். என்னிடம் இருப்பது அதைவிடச் சின்ன விஷயம்.

ஹெட் கேர்ளை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் முடிவாகி, நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நல்ல மார்க், நல்ல இங்கிலீஷ், நேரத்துக்கு வருகிற பெண். நேரத்துக்கு வருவதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அப்பாவுக்கு ரயில்வே வேலை, வீடு மாட்டுங்கா ரயில்வே காலனியில், குழாயைத் திறந்தால் தண்ணீர், அம்மா கையில் டிபன் டப்பா. அந்த நாளில் அதெல்லாம் என் ஒழுக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

7 மணிக்கு முதல் மணி. தேசிய கீதம், உறுதிமொழி, பிரார்த்தனை. 7.10-க்கு கேட் மூடப்படும். அதற்குப் பின் வருகிறவர்களின் பெயரை நான் நோட்டில் எழுத வேண்டும். மூன்று தடவை எழுதினால் காலண்டரில், அதாவது பள்ளி டைரியில், சிவப்பு மையில் ஒரு ரிமார்க். மூன்று ரிமார்க் ஆனால் பெற்றோரைக் கூட்டிவர வேண்டும். உறுதிமொழியை மைக்கில் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். 1962-இல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதி, பிறகு நாடு முழுக்கப் பாடப்புத்தகங்களின் முதல் பக்கத்துக்கு வந்த அதே உறுதிமொழி. இந்தியர் எல்லோரும் என் உடன்பிறந்தவர்கள் என்று நீட்டி முழக்கிவிட்டு, அந்தத் தொண்டைச் சூடு ஆறுவதற்குள் கேட்டுக்குப் போய் உடன்பிறப்புகளின் பெயரை எழுத ஆரம்பிப்பேன். நீளமான நோட்டு. ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டிருந்தேன். தேதி, பெயர், வகுப்பு, எத்தனை நிமிஷம் தாமதம், கையெழுத்து. கையெழுத்து அழகாக இருந்ததால் சூப்பர்வைசர் சார் அதை மற்ற வகுப்பு மானிட்டர்களிடம் காட்டிப் பாராட்டினார்.

மாவுசி

மும்பைப் பள்ளிகளில் ஆண் பியூனுக்குச் சிப்பாய் என்று பெயர், பெண்ணுக்கு மாவுசி. மராத்தியில் அம்மாவின் கூடப்பிறந்தவள். எங்கள் மாவுசி கொங்கணத்துக்காரி, சிப்ளூண் பக்கம். பத்து முழப் பருத்திப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காலை ஐந்தே முக்காலுக்கே வந்து பெல் அடிக்கும் வேலையிலிருந்து கக்கூஸ் கழுவும் வேலைவரை பார்ப்பார். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். "ஏ பாளா, ஓடாத, விழும்" என்பார். பாளா என்றால் மராத்தியில் பிள்ளை. விழுவது யார் என்று வாக்கியத்தில் இருக்காது.

ஒரு பள்ளிக்கூடம் எதனால் ஓடுகிறது என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய தகர அலமாரிதான். மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதற்குள் ஊசி நூல், சேஃப்டி பின், பழைய மாணவிகள் விட்டுப்போன இரண்டு மூன்று பாவாடைகள், அமிர்தாஞ்சன், ஒரு டப்பா நிறைய பார்லே-ஜி, செய்தித்தாளில் சுற்றிய நாப்கின்கள். எந்தப் பெண்ணுக்கு முதல் தடவை வந்தாலும் கிளாஸ் டீச்சருக்குத் தெரியும் முன்பே மாவுசிக்குத் தெரிந்துவிடும். யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், யார் வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்தார், யாருக்கு அண்ணனோடு சண்டை, எல்லாம் தெரியும். எதையும் எழுதி வைக்க மாட்டார்.

ஆபீஸில் ஒரு கிளார்க் சார் இருந்தார், அவரையும் சொல்லாமல் போக முடியாது. மகாராஷ்டிர போர்டு படிவத்தில் குடும்பப்பெயர் கட்டாயம் மாதிரி முன்னால் வந்து நிற்கும். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தோடு ஊரிலிருந்து வந்தவர்கள். சிலருக்குச் சாதிப்பெயரே குடும்பப்பெயரானது, சிலருக்கு அப்பா பெயர் இரண்டு தடவை வந்தது, ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்றும் தங்கைக்கு ஒன்றும் ஆனது. பத்தாம் வகுப்புப் படிவம் நிரப்பும் நாட்களில் அவர் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வைத்து ஒத்துப் பார்த்து எழுதுவார். எரிந்து விழுவார், திட்டுவார், ஆனால் தப்பாக எழுத மாட்டார். பின்னால் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் அந்த ஆளின் அருமை எங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பின்கதவு

ஆகஸ்ட் கடைசி. சர்க்குலர் கொடுக்க எட்டு பி-க்குப் போனேன். கல்யாணத்தில் என்னை அடையாளம் கண்ட அந்தப் பெண் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் பிரேயரில் அவளைப் பார்க்கவில்லை. என் நோட்டிலும் அவள் பெயர் இல்லை. எனக்குப் புரியவில்லை. மறுநாள் கேட்டில் துணைத் தலைவியை நிறுத்திவிட்டு, மாடி ஜன்னலில் போய் நின்றேன். பள்ளிக்குப் பின்பக்கம், கழிவறைகளைத் தாண்டி, குப்பையை வெளியே வைக்க ஒரு சின்னக் கதவு உண்டு. 7.20 இருக்கும். மாவுசி அதைத் திறந்தார். அவள் குனிந்து உள்ளே வந்தாள். மாவுசி தன் புடவை முந்தானையால் அவள் கையைத் துடைத்து, எதையோ அதில் வைத்து மூடினார். பிஸ்கட்டாக இருக்க வேண்டும். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டே படியேறினாள்.

அப்போது எனக்கு வந்தது ஆத்திரம். இரக்கம், சந்தேகம், யோசனை எதுவும் வரவில்லை. அதை நேராகச் சொல்லிவிடுவதுதான் முறை. நான் தினமும் நின்று எழுதுகிற நோட்டைப் பொய்யாக்கிவிட்டார்களே என்று இருந்தது. நேரே சூப்பர்வைசர் சாரிடம் போய், எனக்குத் தெரிந்த மிக நல்ல இங்கிலீஷில், இப்படி ஒரு கதவு இருக்கிறது, இப்படி நடக்கிறது என்று சொன்னேன். "வெரி குட்" என்றார். ரீசஸ் மணி அடிக்க மாவுசி வரவில்லை, சிப்பாய் அண்ணன்தான் அடித்தார். ஹெச்.எம். அறையில் மாவுசி நின்றுகொண்டிருந்தார் என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்து சொன்னான். மெமோ கொடுத்தார்கள். மராத்தியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். மதியத்துக்குள் பின்கதவில் பூட்டு, சாவி ஆபீஸில்.

இரண்டு நாள் மாவுசி என்னிடம் எதுவும் பேசவில்லை. யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போனேன். டிரம்மை உள்ளே கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"பாளா, உன் வீட்டுல தண்ணி எத்தன மணிக்கு வரும்?"

கேள்வி எனக்கு விளங்கவில்லை. எத்தனை மணிக்கு என்றால்? "எப்பவும் வரும்" என்றேன்.

"ஹோ" என்றார். அவ்வளவுதான். டிரம்மைக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீரை வடித்து, மூடி போட்டுவிட்டு நகர்ந்தார்.

அந்த "ஹோ"வை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மராத்தியில் அதற்கு ஆமாம் என்றும் அர்த்தம், அப்படியா என்றும் அர்த்தம்.

ஒன்பது நாள்

தாராவி பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சந்துக் குழாய்களில் தண்ணீர் விடிகாலையில் சில மணி நேரம் வரும், அந்த நேரமும் நிலையில்லை. அவள் அப்பா இட்லி வியாபாரம். தாராவியிலிருந்து விடிகாலையில் சைக்கிளில் அலுமினிய அண்டாவைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மும்பையின் மூலை முடுக்கெல்லாம் போகும் நம் ஆட்களில் ஒருவர். அவர் ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அம்மா சட்னி அரைத்துக் கொடுத்து, பாத்திரம் கழுவிப் போட்டு, ஆறு மணிக்கு சயானில் வீட்டு வேலைக்கு. தம்பி சின்னவன். டிரம் நிரப்புவது இவள் பொறுப்பு. தண்ணீர் ஐந்துக்கு வந்தால் இவள் 7 மணிக்குப் பள்ளியில். ஆறேகாலுக்கு வந்தால் ஏழரைக்கு. போதாததற்கு, ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. ஏழோடு அது முடிய, எட்டில் திடீரென்று எல்லாமே இங்கிலீஷ். ஏன் லேட் என்று நான் இங்கிலீஷில் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? நோட்டைப் பார்ப்பாள். நான் எழுதுவேன்.

பின்கதவு மூடியபின் ரிமார்க்குகள் மளமளவென்று சேர்ந்தன. அப்பாவைக் கூப்பிட்டார்கள். சைக்கிளை கேட்டுக்கு வெளியே சாய்த்துவிட்டு வந்தார், அண்டாவில் இட்லி மீதம் இருந்தது, ஆபீஸ் வராந்தாவெல்லாம் சாம்பார் வாசனை. யாராவது தூக்கிவிடுவார்களோ என்று ஹாரனை மட்டும் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இனிமே இப்படி வராது சார்" என்று ஹெச்.எம்-மிடம் சொன்னார். மறுநாளிலிருந்து அவளே வரவில்லை. கேட்லாக்கில், அதாவது வருகைப் பதிவேட்டில், வரிசையாக ஒன்பது நாள் ஆப்சென்ட்.

எட்டு பி-யின் மானிட்டர் ஒரு வாயாடி. கணக்கில் சுமார்தான், மார்பில் பேட்ஜ் கிடையாது, சாக்பீஸும் டஸ்டரும் எடுத்து வருவதுதான் அவள் பதவி. அவளுக்கு வீடு அடுத்த சந்து. பத்தாம் நாள் தமிழ் மிஸ்ஸிடம் போய், "மிஸ், அவ இனி வரமாட்டாளாம், பாப்பட் உருட்டப் போறாளாம், வாங்க போய்க் கூட்டிட்டு வரலாம்" என்றாளாம். பள்ளி விட்டதும் தமிழ் மிஸ் குடையை எடுத்துக்கொண்டு தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் அவளோடு நடந்து போனதை நான் கேட்டிலிருந்து பார்த்தேன். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. பின்னால் தெரிந்தது இவ்வளவுதான்: தண்ணீர் தாமதமாகிற நாளில் அவர்கள் டிரம்மை மானிட்டரின் அம்மா பார்த்துக்கொள்வது என்று இரண்டு வீட்டுக்கும் ஏற்பாடு. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை இட்லி. தமிழ் மிஸ் கணக்கு சாரிடம் கெஞ்சியோ மிரட்டியோ எட்டு பி-யின் முதல் பீரியடைத் தன் பாடமாக மாற்றிக்கொண்டார். அவள் தாமதித்தால் தன் வகுப்பில்தான் நுழைவாள், தான் பார்த்துக்கொள்வதாக ஹெச்.எம்-மிடம் எழுதிக் கொடுத்தார். விதி மாறவில்லை, நோட்டும் மாறவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு 7.10 என்றால் 7.10-தான்.

இதைப் பார்த்து நான் திருந்தினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது அப்படியில்லை. பிரிலிம்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி கேட் வேலையைத் துணைத் தலைவியிடம் தள்ளிவிட்டு லைப்ரரிக்கு மாறிக்கொண்டேன். மாவுசியிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. தண்ணீர் பிடிக்க இரண்டாம் மாடிக்குப் போக ஆரம்பித்தேன்.

அதற்குக் காலம் இல்லை

மகளின் பள்ளியில் நடந்த விழாவுக்குப் போயிருந்தேன். இன்வெஸ்டிச்சர் என்கிறார்கள். பேண்டு வாத்தியம், அணிவகுப்பு, தோளில் குறுக்குப் பட்டை, நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி. பிளேசருக்கும் பேட்ஜுக்கும் நாங்கள்தான் பணம் கட்டினோம். கண் கலங்கியது உண்மை, பெற்ற மனம். இரண்டாம் வாரம் அவள் ஒரு கிளிப்போர்டோடு வீட்டுக்கு வந்தாள். வெள்ளை ஷூ போடாதவர்கள், நகம் வெட்டாதவர்கள் பட்டியல். அழகான கையெழுத்து, என்னைப் போலவே. ஒரு பையன் பெயர் நான்கு நாள் தொடர்ந்து இருந்தது. "இவன் ஏன் தினமும் கறுப்பு ஷூ போட்டுட்டு வர்றான்?" என்று கேட்டேன். பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுக்குக் காலம் இல்லம்மா" என்றாள். நேரமில்லை என்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். அவள் விரல் கட்டங்களின் மேல் இருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. அதற்கு முன்பு எங்கள் காலத்தில் லேட்டாக வந்தவர்கள் முட்டி போட்டதெல்லாம் இவள் பள்ளியில் கிடையாது. கவுன்சலர் மேடம் இருக்கிறார், போன வருஷம் இவள் தோழி ஒருத்தியை ஒரு கெட்ட கட்டத்திலிருந்து மீட்டதும் அவர்தான். ஆனால் அவரைப் பார்க்க முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். மாவுசி என்று யாரும் இல்லை. ஏஜென்சியிலிருந்து வரும் நீல யூனிஃபார்ம் பெண்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள். பிள்ளைகளோடு பேசக் கூடாது என்பது அவர்களுக்கு விதியாம். தனியார் பள்ளி, அது அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் நிலைமை அந்தப் பக்கம்தான் போகிறது. 2020 டிசம்பரில் மகாராஷ்டிர அரசு போட்ட ஆணைப்படி, சிப்பாய் மாதிரியான நான்காம் நிலை ஊழியர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு நிரந்தர ஆள் கிடையாது. பள்ளிக்கு மாதம் ஒரு படித்தொகை கொடுத்துவிடுவார்கள், மும்பை, புனே என்றால் 10,000 ரூபாய். தலைமை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. மணி அடிக்கவும் குப்பை அள்ளவும் அந்தப் பணத்துக்கு ஆள் கிடைக்கலாம். படிக்குக் கீழே ஒரு அலமாரி வைத்து அதை இருபது வருஷம் நிரப்பிக்கொண்டிருக்க அந்த ஆள் அங்கேயே இருக்க வேண்டாமா? இதை ஒரு பள்ளி நிர்வாகியிடம் கேட்டேன். சிசிடிவி போட்டிருக்கிறோம் என்றார். என் ஜன்னல் நினைவுக்கு வந்தது.

மாணவர் தலைவர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டு பி மானிட்டர் இல்லாவிட்டால் தமிழ் மிஸ்ஸுக்கு அந்தச் சந்து தெரிந்திருக்காது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது பெரியவர்களுக்குத் தெரியாது. அதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்வது, எதற்குச் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நானும் சொன்னேன், அவளும் சொன்னாள். நான் சூப்பர்வைசரிடம், அவள் தமிழ் மிஸ்ஸிடம். பேட்ஜ் குத்திய எனக்கு எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்யாண வீட்டில் அவள் இன்னொன்றும் சொன்னாள். அவள் இப்போது ஒரு லேபில் டெக்னீஷியன். குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, "மாவுசிய ஞாபகம் இருக்காக்கா? எனக்காகப் பின்கதவத் தொறந்துவிட்டு மெமோ வாங்குனாங்க, பாவம். யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. இன்னும் யாருன்னு தெரியல" என்றாள். அப்போது பந்திக்குக் கூப்பிட்டார்கள். "வா, இலை போட்டாச்சு" என்றேன்.

போன வியாழக்கிழமை அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. திவாவில் மகள் வீட்டில் மாவுசி, நைலக்ஸ் புடவை, தலை முழுக்க வெள்ளை, கையில் அவள் குழந்தை. அவள் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பாளாம். கீழே குரல்பதிவு: "உங்களப் பத்திச் சொன்னேன் அக்கா. ஹெட் கேர்ளான்னு கேட்டாங்க, ஆமாம்னேன், ஹோன்னாங்க. வாங்க, ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் போலாம்."

மூன்று தடவை கேட்டேன். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை தண்டவாளப் பராமரிப்புக்கு மெகா பிளாக் இருக்கும், ஸ்லோ லைன் ஓடாது என்று பதில் போட்டேன்.

"அப்போ சனிக்கிழம" என்று உடனே வந்தது.